ஸ்கேன் நார்மல், கடிகாரம் தப்பு

போன வருஷம் ஒரு நாள் காலையில் பால் வாங்கப் போன பெரியப்பா, வீட்டுக்குத் திரும்பாமல் பேருந்து நிலையத்தில் போய் நின்றுகொண்டிருந்தார். கையில் பால் பாக்கெட். தெரிந்த ஆட்டோக்காரர்தான் பார்த்துக் கூட்டிவந்து விட்டார். "ஏதோ யோசனையில போயிட்டேன்" என்றார் பெரியப்பா. இப்படி ஆவது மூன்றாவது தடவை என்று பெரியம்மா அப்புறம்தான் சொன்னார்.

அடுத்த வாரமே எம்ஆர்ஐ எடுத்தோம். வயதுக்கேற்ற லேசான சுருக்கம், மற்றபடி ஒன்றுமில்லை என்று அறிக்கை வந்தது. "அதான் ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே, அப்புறம் எதுக்கு டாக்டர்?" என்று வீட்டில் பாதிப் பேர் கேட்டார்கள். நரம்பியல் மருத்துவர் படத்தை ஒரு நிமிஷம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினார். "ஐயா, இதுல ஒரு கடிகாரம் வரைங்க. எல்லா எண்ணையும் போடுங்க. மணி பதினொன்று பத்துனு முள்ளு வைங்க."

பெரியப்பா வட்டத்தை அழகாகப் போட்டார். பன்னிரண்டு எண்களும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. சின்ன முள்ளை 11-க்கு நேராக வைத்தார். பெரிய முள்ளை 10-க்கு நேராக வைத்தார். ஒரு தடவை பார்த்துக்கொண்டு, திருப்தியாகப் பேனாவை மூடிக் கொடுத்தார்.

"பதினொன்று பத்து" என்று கேட்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. பத்து என்ற சொல் காதில் விழுந்ததும் தாளில் உள்ள 10 கையை இழுக்கும். அந்த இழுப்பை அடக்கி, 'பத்து நிமிஷம் என்றால் முள் 2-ல் இருக்க வேண்டும்' என்று மனசுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். அடக்குவதும் மாற்றுவதும் பெரும்பாலும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் பொறுப்பு. அந்தப் பகுதி தளர்ந்தால் முள் 10-க்கே போய்விடும். மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம் வந்த சிலர் வேறு விதமாகத் தப்பு செய்வார்கள். பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் வலது பாதியிலேயே நெருக்கிவிடுவார்கள். இடது பாதி காலியாகக் கிடக்கும். கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்பார்கள். அவர்கள் கண்ணில் கோளாறு இல்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுப்பதில்லை.

எம்ஆர்ஐ அறிக்கையும் பொய் சொல்லவில்லை. கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை, நீர் கோக்கவில்லை. ஆனால் அது காட்டுவது மூளையின் அமைப்பை. நமக்குத் தெரிய வேண்டியதோ அதன் செயல்பாடு. ஒரு வீட்டின் பிளானைப் பார்த்து அறை எத்தனை, சுவரில் விரிசல் உண்டா என்று சொல்லலாம். அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று சொல்ல முடியாது. மூளைச் சோதனைகள் இத்தனை வகை இருப்பதற்குக் காரணம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது என்பதே.

நாம் மருத்துவர் அறைக்குள் நடந்து வரும்போதே முதல் சோதனை தொடங்கிவிடுகிறது. நடக்கும்போது இரண்டு கையும் வீசுகின்றனவா? ஒரு கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டியிருந்தால் பார்க்கின்சன் நோயின் ஆரம்பமாக இருக்கலாம். வாக்கியத்தை முடிக்கிறாரா, சொல்லுக்குத் தடுமாறுகிறாரா, கேள்வி கேட்டால் பதிலுக்கு மனைவியின் முகத்தைப் பார்க்கிறாரா? கடைசியாகச் சொன்னது மறதி நோயில் அடிக்கடி தென்படும். பெரியப்பா அதைத்தான் செய்துகொண்டிருந்தார். நாங்கள் யாரும் கவனித்ததில்லை.

அப்புறம் சுத்தியல், டார்ச், சாவி. சாவியின் முனையால் உள்ளங்காலின் ஓரத்தைக் குதிகாலிலிருந்து மேல்நோக்கிக் கீறினால், நலமாக இருக்கும் பெரியவருக்குக் கட்டைவிரல் கீழே மடங்கும். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதை பழுதாகியிருந்தால் விரல் மேலே எழும். பாபின்ஸ்கி என்ற பாரிஸ் மருத்துவர் 1896-ல் இதை விவரித்தார். சுமார் ஒரு வயது வரை கைக்குழந்தைகளுக்கும் விரல் மேலேதான் எழும். அந்தப் பாதை அவர்களுக்கு இன்னும் முழுசாக முதிரவில்லை. டார்ச் வெளிச்சத்தில் கண்ணின் பாவை சுருங்குகிறதா என்று பார்ப்பதும் இப்படித்தான். தலையில் அடிபட்டவருக்கு ஒரு பக்கப் பாவை மட்டும் விரிந்து, சுருங்காமல் நின்றால், மண்டைக்குள் அழுத்தம் ஏறி நரம்பை நசுக்குகிறது என்று அர்த்தமாகலாம். அப்போது ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

விபத்துப் பிரிவில் "ஜிசிஎஸ் எவ்வளவு?" என்று கேட்பது காதில் விழுந்திருக்கலாம். கிளாஸ்கோ கோமா அளவுகோல் அது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இருவர் 1974-ல் வெளியிட்டது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. கண்ணை மூடி அசைவற்றுக் கிடந்தாலும் 3 உண்டு, இந்தப் பரீட்சையில் பூஜ்யம் கிடையாது. 8 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் ஆழ்ந்த மயக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முன்பு 'அரை மயக்கம்', 'கூப்பிட்டால் முழிக்கிறார்' என்று ஆளுக்கு ஒரு வார்த்தை. இரவுப் பணி முடித்துப் போகிற நர்ஸ் சொன்னதைக் காலையில் வருகிறவர் வேறாகப் புரிந்துகொள்ளலாம். எண்ணாகிவிட்டால், ராத்திரி 13 இருந்தது, காலையில் 9 ஆகிவிட்டது என்று யாருக்கும் புரியும்.

மூளைச்சாவை உறுதி செய்யும் இடத்திலும் அடிப்படை இந்தக் கட்டிலோரச் சோதனைதான். உறுப்பு மாற்று தொடர்பான 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் மருத்துவர் குழு பார்ப்பது மூளைத்தண்டின் அனிச்சைச் செயல்களை. வெளிச்சத்துக்குப் பாவை அசைகிறதா, கருவிழியைப் பஞ்சால் தொட்டால் இமைக்கிறாரா, காதில் குளிர்ந்த நீர் விட்டால் கண் நகர்கிறதா, தொண்டையைத் தூண்டினால் இருமல் வருகிறதா? கடைசியில் செயற்கை சுவாசக் கருவியை விலக்கி, ஆக்சிஜன் மட்டும் கொடுத்துக்கொண்டு, மார்பு தானாக ஒரு மூச்சுக்காவது எழும்புகிறதா என்று காத்திருப்பார்கள். இவை அனைத்தையும் குறைந்தது 6 மணி நேரம் கழித்து மறுபடியும் செய்ய வேண்டும்.

எந்தப் பகுதிக்கு எந்த வேலை என்று இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? ரொம்ப காலத்துக்கு ஒரே வழிதான் இருந்தது. நோயாளி உயிரோடு இருக்கும்போது என்ன முடியவில்லை என்று குறித்துவைத்து, இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்ப்பது. 1861-ல் பாரிஸில் பால் புரோக்கா பார்த்த நோயாளி, எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஓசையைத்தான் பதிலாகச் சொல்வார். மற்றவர் பேசுவது அவருக்குப் பெருமளவு புரிந்தது. அவர் இறந்ததும் பார்த்தால் மூளையின் இடப்பக்க முன்பகுதியில் சேதம். பேச்சை உருவாக்குவதில் அந்த இடத்துக்குப் பெரிய பங்கு என்று தெரிந்தது, புரோக்கா பகுதி என்ற பெயரும் நிலைத்தது.

நினைவாற்றலைப் பற்றி இதைவிட அதிகம் கற்றுக்கொடுத்தவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். உயிரோடு இருந்தவரை உலகுக்கு அவர் வெறும் எச்.எம். மட்டுமே. தீராத வலிப்புக்காக 1953-ல் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மூளையின் இரண்டு பக்கத்திலும் காதுக்கு உட்புறமாக இருக்கும் ஹிப்போகேம்பஸையும் சுற்றியுள்ள பகுதியையும் எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் புதிதாக நடக்கும் எதுவும் மனசில் தங்கவில்லை. கனடாவிலிருந்து வந்து அவரைச் சோதித்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், ஒவ்வொரு தடவையும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

மில்னர் அவருக்கு ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு அதன் ஓரத்தை வரையச் சொன்னார். முயன்று பாருங்கள், கை எதிர்ப்பக்கம் ஓடும். எச்.எம்.மும் முதல் நாள் திணறினார். மூன்று நாள் பயிற்சியில் கை அருமையாகப் பழகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும், இப்படி ஒன்றை இதற்கு முன் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. கைப்பழக்கமும் நடந்ததை நினைவில் வைப்பதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்பதற்கு ஒரு கண்ணாடியும் பென்சிலும் போதுமானதாக இருந்தன.

இந்த வகை எளிய கருவிகள் மேல் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், கலிபோர்னியாவில் கையை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டார். இல்லாத கையின் விரல்களைத் தொடுவதுபோல் இருக்கிறது என்றார் அவர். மூளையின் தொடு உணர்ச்சி வரைபடத்தில் முகமும் கையும் பக்கத்துப் பக்கத்து வீடு. கையிலிருந்து செய்தி வராமல் காலியாகக் கிடந்த இடத்துக்குள் முகம் புகுந்துகொண்டது என்பது ராமச்சந்திரன் தந்த விளக்கம்.

தாளும் பென்சிலும் கொண்டு செய்யும் சோதனைகளுக்கு மதிப்பெண் போட்டுத் தொகுத்தவைதான் 1975-ல் வந்த எம்எம்எஸ்இ, 2005-ல் வெளியான மோக்கா முதலியவை. இரண்டுக்கும் 30 மதிப்பெண். இன்று என்ன தேதி, 100-லிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே போங்கள், நான் சொன்ன ஐந்து சொற்களைக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லுங்கள் என்று போகும். பத்து நிமிஷத்து வேலை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மோக்காவில் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டிய விலங்குகளில் காண்டாமிருகமும் உண்டு. வயல்காட்டு வேலைக்கும் வீட்டுக்குமாகவே எழுபது வருஷம் வாழ்ந்த பாட்டி அதைத் தெரியாது என்றால் மூளைக்கு என்ன குற்றம்? ஆங்கில எம்எம்எஸ்இ-யில் 'நோ இஃப்ஸ், ஆண்ட்ஸ், ஆர் பட்ஸ்' என்ற, நாக்குப் புரளும் தொடரைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதைத் தமிழில் சொல்லுக்குச் சொல் மாற்றினால் சோதனையே கெட்டுவிடும். பள்ளிப் படிப்பு 12 வருஷமோ அதற்குக் குறைவோ என்றால் மோக்காவில் ஒரு மதிப்பெண் கூட்டித் தருகிறார்கள். ஒரு மதிப்பெண் எந்த மூலைக்கு? பள்ளிக்கூடமே போகாதவர்களுக்காகத் தனியாக வடிவமைத்த சோதனைகள் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவருக்குக் குறைந்த மதிப்பெண் வந்தால் எந்தச் சோதனை, எந்த மொழியில், யாருக்கென்று செய்தது என்று தயங்காமல் கேளுங்கள்.

சரி, இயந்திரங்களுக்கு வருவோம். இஇஜி-யில் தலையில் சின்னச் சின்ன உலோக வில்லைகளைப் பசை வைத்து ஒட்டி, மூளையின் மின்னலையைப் பதிகிறார்கள். முந்தின நாள் தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்வது இதற்காகத்தான், எண்ணெய் இருந்தால் வில்லை ஒட்டாது. அங்கே பிடிபடும் மின்னழுத்தம் ரொம்பச் சொற்பம். 50 மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொண்டால், சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. பல்லைக் கடித்தாலோ கண்ணைச் சிமிட்டினாலோ வரும் தசை மின்சாரம் அதை மூழ்கடித்துவிடும்.

இதை மனிதத் தலையில் முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர், 1924-ல். இளவயதில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் உயிர் பிழைத்த அன்று, தூரத்தில் இருந்த சகோதரிக்கு மனசு சரியில்லாமல் போய், வீட்டிலிருந்து நலம் கேட்டுத் தந்தி வந்ததாம். மனசுக்கு மனசு ஏதோ சக்தி பாய்கிறது என்று நம்பி அதைத் தேடப் போனவர் அவர். தேடியது கிடைக்கவில்லை. கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது பின்தலையில் நொடிக்குப் பத்து தடவை போல எழுந்து தாழ்கிற ஆல்ஃபா அலை கிடைத்தது. கண்ணைத் திறந்தால் அது அடங்கிவிடும். ஐந்து வருஷம் தயங்கி 1929-ல்தான் வெளியிட்டார்.

இஇஜி-யின் பலம் வேகம். ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் நடப்பதையும் பிடிக்கும். வகுப்பில் சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கும் பிள்ளையை 'கவனமே இல்லை' என்று திட்டுவோம். அந்தப் பிள்ளையை வேகமாக மூச்சு விடச் சொல்லி இஇஜி எடுத்தால், நொடிக்கு மூன்று என்ற கணக்கில் ஊசி முனையும் அலையுமாகக் காகிதம் நிறையலாம். அது ஒரு வகை வலிப்பு, மாத்திரையில் கட்டுப்படும். பலவீனமும் உண்டு. வலிப்பு வராத நேரத்தில் எடுத்தால் இஇஜி நார்மலாகவே இருக்கலாம். அதனால்தான் ராத்திரி தூங்காமல் வாருங்கள் என்பார்கள், தூக்கக் குறைவு ஒளிந்திருப்பதை வெளியே இழுக்கும். ஒரு இஇஜி நார்மல் என்பதால் வலிப்பு இல்லை என்று முடிவு கட்டி மாத்திரையை நிறுத்துவதைவிட ஆபத்தான வேலை வேறில்லை. வலிப்பு வந்த நேரத்தில் செல்போனில் எடுத்த வீடியோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், சில சமயம் அது இஇஜி-யைவிட அதிகம் சொல்லும்.

சிடி ஸ்கேனும் எம்ஆர்ஐ-யும் பலருக்குத் தெரிந்தவை, அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். பக்கவாதம் என்று ஓடுகிறோம், சிடி எடுக்கிறார்கள், 'நார்மல்' என்று வருகிறது. உடனே ஊருக்குத் திரும்பிவிடாதீர்கள். ரத்தக்கசிவு இருந்தால் சிடி-யில் உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்பினால் வந்ததென்றால் முதல் சில மணி நேரம் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் முதலில் அதை எடுப்பது, கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும் என்பதால். அந்த ஊசிக்கான அவகாசம் பொதுவாக நாலரை மணி நேரம்.

செயல்பாட்டைப் படமாகவே பார்க்க முடியாதா? முடியும், சுற்றுவழியில். உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை, செலவழிப்பதோ ஓய்விலிருக்கும் உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதம். வேலை செய்யும் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும். கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஏற்றி அது எங்கே போகிறது என்று பார்ப்பது பெட் ஸ்கேன். ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதைக் காந்தத்தால் கண்டுபிடிப்பது எஃப்எம்ஆர்ஐ. இதன் அடிப்படையை 1990-ல் செய்ஜி ஒகாவா என்ற விஞ்ஞானி காட்டினார். நாளிதழ்களில் வரும் 'காதலிக்கும்போது மூளையில் எரியும் விளக்கு' படங்கள் இதில் எடுத்தவை. அங்கே எந்த விளக்கும் எரியவில்லை. சில நொடி தாமதித்து வரும் ரத்த ஓட்ட மாற்றத்தைக் கணக்குப் போட்டு, நிறம் பூசித் தருகிறார்கள். கணக்கில் கவனம் பிசகினால் என்ன ஆகும் என்று காட்ட, அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனருக்குள் வைத்து அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். மீனின் மூளையிலும் 'விளக்கு' எரிந்தது.

அதே கருவி 2006-ல் கண்டதை மறக்கவும் முடியவில்லை. விபத்துக்குப் பின் எந்த அசைவுக்கும் அர்த்தமில்லாமல், உணர்வற்ற நிலை என்று மருத்துவர்கள் குறித்திருந்த ஓர் இளம்பெண்ணை, மூளை ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர் ஸ்கேனருக்குள் படுக்க வைத்து, "டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள்" என்றார்கள். பிறகு "உங்கள் வீட்டு அறைகளில் நடப்பதாக" என்றார்கள். இரண்டு கட்டளைக்கும், நலமாக இருப்பவர்களின் மூளையில் எந்தெந்தப் பகுதிகள் வேலை செய்தனவோ அவையே அவளிடமும் வேலை செய்தன. கட்டிலோரச் சோதனை தவறவிட்டதை இயந்திரம் பிடித்த இடம் இது.

இந்த இயந்திரங்கள் மனசைப் படித்துவிடும் என்ற நம்பிக்கை நம் காவல் துறையையும் ஒரு காலம் பிடித்திருந்தது. 'பிரெயின் மேப்பிங்' என்று செய்திகளில் அடிபட்டது, இஇஜி-யின் ஒரு வகைதான். ஒருவர் சம்மதமில்லாமல் இதையும் உண்மை அறியும் மருந்துச் சோதனையையும் பொய் அறியும் கருவிச் சோதனையையும் நடத்தக் கூடாது என்று 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பெரியப்பா கதைக்கு வருகிறேன். அன்று கடிகாரத்துக்குப் பிறகு மருத்துவர் பெரியம்மாவிடம்தான் அதிக நேரம் பேசினார். சில்லறை எண்ணுவதில் தடுமாறுகிறாரா, மாத்திரையைத் தானாக எடுத்துக்கொள்கிறாரா, கேட்டதையே கேட்கிறாரா, எப்போதிலிருந்து? அப்புறம் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். தைராய்டு குறைந்தாலும் பி12 குறைந்தாலும் மறதி வரும், இரண்டும் சரிசெய்யக் கூடியவை. பி12 குறைவாகத்தான் இருந்தது. ஊசி போட்டோம்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் தாள். இந்த முறை "ஒன்பது பத்து" என்றார் மருத்துவர். போன தடவையின் பதிலை மனப்பாடமாகப் போட்டுவிடக் கூடாது என்று மணியை மாற்றிக் கேட்பது வழக்கமாம். பெரியப்பாவின் பேனா 10-க்கு மேலே வந்து நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு நகர்ந்து 2-க்கு நேராகக் கோடு போட்டது. ஆனால் ஐந்து சொற்களில் இரண்டுதான் திரும்ப வந்தன.

மருத்துவர் கோப்பிலிருந்து பழைய தாளை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெரியப்பாவும் எட்டிப் பார்த்தார். பழைய தாளின் மேல் விரலை வைத்து, "இதுல முள்ளு தப்பா இருக்கே, யாரு போட்டது?" என்றார்.